ஆளுக்குப் பாதி பிளிமத்

அக்கா தாம்பூலத் தட்டை வண்டியின் பானெட் மேல் வைத்தாள்.

வேறு இடம் இல்லாமல் இல்லை. பக்கத்திலேயே கயிற்றுக் கட்டில் கிடந்தது. அவள் கட்டிலைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் பானெட்டில் ஒரு தட்டு அகலத்துக்குக் கோழி எச்சத்தைத் துடைத்தாள். அங்கேதான் வைத்தாள்.

மத்தியான நேரம். கொட்டகை ஓலையில் ஓட்டை. வெயில் வண்டி மேல் பொட்டுப் பொட்டாக விழுந்திருந்தது. வெற்றிலை வாசனையும் சாணி வாசனையும் கலந்து வந்தது.

"பையனுக்கு நிச்சயம் ஆயிடுச்சி. பொண்ணு செம்பாக்கம்," என்றாள்.

"சந்தோசம்," என்றேன்.

"தாய்மாமன் சீர் வரணும்."

"வராம இருக்குமா?"

"எப்படி வரும்?"

அவள் கேட்டது புரிந்தது. அக்காவுக்கு நாங்கள் இரண்டு தம்பிகள். எனக்கு மூத்தவர் அண்ணன். எனக்கும் அவருக்கும் பேச்சு நின்று சில வருஷம் ஆகியிருந்தது. அவர் வீடு அடுத்த வீடு. நடுவில் முள்வேலி.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் சீர் மேளத்தோடு வரும். தெருவே வாசலில் நின்று பார்க்கும். மாமன்கள் பிரிந்திருந்தால் தனித்தனியாக வருவார்கள். இரண்டு மேளம், இரண்டு வரிசை. ஊர் உடனே யார் வரிசை நீளம் என்று பார்க்க ஆரம்பித்துவிடும்.

"ரெண்டு மேளம் அடிச்சிக்கினு ரெண்டு சீர் வந்தா, நான் எந்தப் பக்கம் திரும்பி நின்னு வாங்கறது?" என்றாள் அக்கா. "நெலம் வேணாம்னு கையெழுத்து போட்டேன். கெணறு வேணாம்னேன். மாடு வேணாம்னேன். இப்ப ஒண்ணு கேக்கறேன். அப்பன் வண்டியில ரெண்டு பேரும் ஒண்ணா வாங்க. இல்லாங்காட்டி ரெண்டு பேரும் வராதீங்க."

வண்டியைப் பார்த்தேன். "அக்கா, இதுல இன்ஜின் இல்ல."

"அது உங்க பாடு," என்றாள்.

தட்டை அங்கேயே விட்டுவிட்டு வேலியைச் சுற்றிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அங்கேயும் இதையேதான் சொல்லியிருப்பாள்.

நெல்லுக்கு வந்த வண்டி

இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் இதுவரை நான் எழுதியதெல்லாம் பிறர் வண்டிகளைப் பற்றி. பிற்காலத்தில் என் கொட்டகைக்கு வந்தவை. வால் நீண்டவை, வாய் அகன்றவை. சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள், ஐந்தாவது வரை படித்தவன் அமெரிக்க வண்டிக்குள் எப்படிக் கை வைத்தாய் என்று. முதலில் கை வைத்தது எங்கள் வண்டியில்தான். வேறு வழி இல்லாமல் வைத்தேன்.

அது பிளிமத். கறுப்பு. மூக்கில் ஒரு சின்னப் பாய்மரக் கப்பல் இருக்கும். அப்பாவுக்கு அது எப்படி வந்தது என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். கோடம்பாக்கத்துப் பக்கம் படம் எடுத்து நொடித்த ஒருவர் வீட்டுக்கு அப்பா நெல் அளந்துகொண்டிருந்தார். நெல்லுக்கு ஈடாக வண்டி வந்தது என்பதுதான் நான் நம்புவது.

அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. ஒரு டிரைவர் வைத்திருந்தார். முடிச்சூரிலும் சுற்றுப்பட்டிலும் மாப்பிள்ளை அழைப்பு என்றால் எங்கள் வண்டிதான். கதவில் வாழைத்தார் கட்டுவார்கள். அப்பா டிரைவர் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பார். மாப்பிள்ளையை யாரும் பார்க்க மாட்டார்கள், உங்கப்பனைத்தான் பார்ப்பார்கள் என்று அம்மா சொல்வாள்.

பிறகு மழை பொய்த்தது. தொடர்ந்து பொய்த்தது. ஏற்றம் இறைத்துக் கட்டுப்படியாகவில்லை. பம்பு இருந்தது, அதை ஓட்ட இன்ஜின் இல்லை. அப்பா ஒரு நாள் வண்டியின் முன்னால் வந்து நின்றார். மறுநாள் ஆள் கூட்டிவந்து வண்டியிலிருந்து இன்ஜினை இறக்கிக் கிணற்றடியில் உட்கார வைத்துவிட்டார்.

பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டுவோம். நல்ல இன்ஜின். கல்யாணத்துக்குப் போன இன்ஜின் நெல்லுக்குத் தண்ணீர் இறைத்தது. கரண்ட் மோட்டார் வரும் வரை இறைத்தது. அதற்குப் பிறகு கோணி போர்த்திக்கொண்டு அங்கேயே கிடந்தது.

மண்ணில் நிற்பது மண்ணோடு

அப்பா போன பிறகு பாகம் பிரித்தோம்.

எங்கள் வழக்கத்தில் மூத்தவன் பிரிப்பான், இளையவன் எடுப்பான். அண்ணன் பிரித்தார். வீட்டடி ஒரு பங்கு, கிணற்றடி ஒரு பங்கு. நான் வீட்டடியை எடுத்தேன். கிணற்றுத் தண்ணீரில் எனக்கும் முறை உண்டு என்று பேச்சு. அண்ணன் நிலத்தின் வழியாகக் கால்வாய் என் வயலுக்கு வரும்.

மற்றப் பொருள்களுக்குப் பெரியவர்கள் ஒரே விதி சொன்னார்கள். எது எந்த மண்ணில் நிற்கிறதோ அது அந்தப் பங்கு. தென்னை, வைக்கோல் போர், கல்தொட்டி எல்லாம் அப்படித்தான் பிரிந்தன.

வண்டி என் மண்ணில் நின்றது. இன்ஜின் அண்ணன் மண்ணில் இருந்தது. அதுவும் அப்படியே பிரிந்தது. சுற்றி அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கும் அப்போது அது வேடிக்கையாகத் தெரியவில்லை.

அப்புறம் மனை போடுகிற காலம் வந்தது. தாம்பரத்திலிருந்து ஆட்கள் ஸ்கூட்டரில் வந்து வரப்பில் நின்று கை காட்டிப் பேசினார்கள். அண்ணன் கிணற்றுக்கு வெளியே இருந்த நிலத்தைக் கொடுத்தார். வாங்கியவன் ரோடு போட்டான். ரோடு என் கால்வாய் மேல் போனது. கால்வாய் மூடிக்கொண்டது. அந்த வருஷம் என் நெல் பால் பிடிக்கிற நேரம். தண்ணீர் வரவில்லை. காய்ந்தது.

நான் சண்டைக்குப் போகவில்லை. அண்ணனும் வரவில்லை. பேச்சு நின்றது, அவ்வளவுதான். நெல் விட்ட இடத்தில் மாட்டுக்குப் புல் விட்டேன்.

பெண்கள் நிறுத்தவில்லை. என் மனைவியும் அண்ணியும் வேலி வழியாகக் குழம்பு மாற்றிக்கொள்வார்கள். அண்ணி குழம்பு என்று நாக்குக்குத் தெரியும். ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவேன்.

ஏழுமலை

பம்மலில் தோல் ஷாப்புகளுக்கு நடுவில் ஏழுமலை என்று ஒரு மெக்கானிக் இருந்தான். லாரி, டெம்போ, எது வந்தாலும் பார்ப்பான். அவனைக் கூட்டிவந்தேன். வண்டியைச் சுற்றி நடந்தான். பின் சீட்டில் ஒரு கோழி அடை காத்துக்கொண்டிருந்தது. டாஷ்போர்டுக்குள் குளவி மண் கூடு கட்டியிருந்தது. ஒயர் முழுக்க எலி கடித்திருந்தது. தரையைத் தட்டினான். துரு அப்பளம் போல உதிர்ந்தது.

"பாடி கீது. உயிர் எங்க கீது?" என்று கேட்டான்.

வேலிக்கு அந்தப் பக்கம் கை காட்டினேன். போய்க் கேள் என்றேன். அவன் போனான். நான் கொட்டகையிலேயே நின்றேன். திரும்பி வந்தவன் தலையைச் சொறிந்துகொண்டான்.

"குடுக்க மாட்டாராம்."

"சரி."

"இரு அண்ணாத்தே, முழுசா கேளு. குடுக்க மாட்டாராம். ஆனா எடுத்துனு வருவாராம். அது அவரு பங்காம். அது எங்க கீதோ அங்க அவரும் இருப்பாராம்."

அப்படித்தான் வந்தது. மாட்டு வண்டியில் இன்ஜினை ஏற்றினார்கள். வண்டி நுழைய வேலியை வெட்ட வேண்டும். அண்ணன் அவர் பக்கத்து முள்ளை வெட்டினார். நான் என் பக்கத்து முள்ளை வெட்டினேன். நடுவில் வந்தபோது ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிந்தது. அவர் அரிவாளை மாற்றிப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

அன்றிலிருந்து அண்ணன் காலையில் வருவார். முக்காலி போட்டு இன்ஜின் பக்கத்தில் உட்காருவார். வேலை செய்வார், சும்மா இருக்க மாட்டார். அவர் கை இன்ஜினை விட்டு நகராது. என் கை பாடியை விட்டு நகராது. பேச வேண்டியதெல்லாம் ஏழுமலை வழியாகப் போகும்.

"அந்த மவுண்டிங் போல்ட்டை அங்கயே வெக்கச் சொல்லு," என்பார் அண்ணன். நான் பக்கத்தில்தான் நிற்பேன். போல்ட் என் கையில்தான் இருக்கும். ஏழுமலை என்னைப் பார்த்து, "அங்கயே வெக்கணுமாம்," என்பான். வைப்பேன்.

"வெச்சாச்சின்னு சொல்லு," என்பேன்.

"நான் இன்னா தபால்காரனா?" என்று ஒரு நாள் கேட்டான். "ஸ்பேனர் புடிக்கவா வந்தேன், கடுதாசி குடுக்கவா வந்தேன்?"

டீயும் அப்படித்தான். அண்ணன் வீட்டிலிருந்து அவனுக்கு ஒரு டீ வரும். அது முடிவதற்குள் என் வீட்டிலிருந்து ஒன்று வரும். எதையும் வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொன்னால் ஒரு பக்கம் சாய்ந்ததாகிவிடும். "வவுத்துல டீதான் ஓடுது, இன்ஜின்தான் ஓடல," என்பான்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் அண்ணன் கார்புரேட்டரைக் கழற்றுவார். துண்டில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போவார். காலையில் கொண்டுவந்து மாட்டுவார். முழு இன்ஜினைத் தினம் தூக்கிப் போக முடியாது. அதனால் அது. அது இல்லாமல் இன்ஜின் ஓடாது. ஏழுமலை முதல் நாள் வாயைத் திறந்தான். அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

புளியும் மஞ்சளும்

கிணற்றுத் தண்ணீர் ஓடி ஓடி இன்ஜினுக்குள் உப்பு கல்லாகப் பிடித்திருந்தது. ஏழுமலை ஆசிட் வேண்டும் என்றான். என் மனைவி எட்டிப் பார்த்தாள். பித்தளைக் குடத்துக்குப் போடுகிற மாதிரி புளி போட்டால் போகாதா என்று கேட்டாள். அவன் சிரித்தான். ஆனால் போட்டான். ஓர் அண்டா புளித்தண்ணீர், காய்ச்சி ஊற்றினோம். மறுநாள் திறந்துவிட்டபோது ரசம் மாதிரி வந்தது. பிறகு மண் வந்தது. பிறகு ஒரு நத்தை ஓடு வந்தது.

அதே புளியை ராடியேட்டரிலும் ஊற்றினோம். அங்கேதான் தப்பு. உள்ளே பளபளவென்று ஆயிற்று. பளபளவென்று ஆனதும் ஒழுகியது. ஓட்டைகளை அத்தனை நாள் அடைத்துக்கொண்டிருந்தது அந்த அழுக்குதான். பெரியவற்றை ஈயப் பற்று வைத்து அடைத்தான். ஊசி முனை ஓட்டைகளுக்கு மஞ்சள் தூள் கேட்டான். தண்ணீரில் கலந்து ஊற்றினால் சூட்டில் உப்பி அடைத்துக்கொள்ளும். லாரிக்காரர்கள் வழியில் செய்கிற வேலை.

"புளி போட்டாச்சி, மஞ்சள் போட்டாச்சி," என்றான். "மொளவா போட்டா கொழம்பு."

அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். இரண்டு பேரும் ஏழுமலையைப் பார்த்துச் சிரித்தோம்.

பெயின்ட் அடித்ததும் வீட்டில்தான். தூசி வரக் கூடாது. தரையில் தண்ணீர் தெளித்தோம். கொட்டகையைச் சுற்றி ஈரச் சேலைகளைக் கட்டினோம். என் வீட்டுச் சேலை போதவில்லை. அண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். பிற்காலத்தில் எத்தனையோ வண்டிக்கு நான் அப்படித்தான் அடித்தேன். புடவைக்குள் நிற்கிற வண்டி என்று ஊரில் சொல்வார்கள்.

இன்ஜினை வேப்பமரத்தில் செயின் கட்டி இறக்கி உட்கார வைத்தோம். கிளப்பிய அன்று முதலில் இருமியது. வெள்ளைப் புகை வந்தது. பிறகு பிடித்துக்கொண்டது.

அந்தச் சத்தம் வந்ததும் நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணனும் அதே நேரம் திரும்பினார். கால்வாய் வருகிற பக்கம். அந்தச் சத்தம் கேட்டால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வரும். சின்ன வயதிலிருந்து அது பழக்கம்.

அந்தப் பக்கம் ரோடு இருந்தது. அண்ணன் உடனே குனிந்து எதையோ திருகினார்.

மூன்றாவது ஆள் இல்லை

சீருக்குப் போக வேண்டியது மறுநாள். பிரேக் மட்டும் பாக்கி. வீல்களில் பிரேக் லைனரும் சிலிண்டர் ரப்பரும் புதிதாகப் போட்டிருந்தோம். பெடலை மிதித்தால் தரை வரை போனது. குழாயில் காற்று. காற்றை எடுக்க வேண்டும்.

ஏழுமலை இல்லை. அவன் குழந்தைக்குத் திருத்தணியில் மொட்டை. முன்பே சொல்லியிருந்தான். ரப்பர் வர நாளாகிவிட்டது, நாங்கள் என்ன செய்வது. காற்று எடுக்கிற விதத்தை இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இது ஒரு ஆள் வேலை இல்லை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். மிதித்து அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து வீலின் பின்னால் இருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறக்க வேண்டும். அதில் மாட்டிய குழாய் வழியே ஆயிலோடு காற்று பாட்டிலுக்குள் வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும். முன்னாடியே விட்டால் வெளிக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உள்ளே இருப்பவனுக்குக் கீழே நடப்பது தெரியாது. கீழே இருப்பவனுக்கு மேலே நடப்பது தெரியாது. சொல்லிச் சொல்லித்தான் செய்ய வேண்டும்.

அண்ணன் உள்ளே உட்கார்ந்தார். நான் கீழே படுத்தேன். பேசவில்லை. ஸ்பேனரால் இரும்பைத் தட்டினேன். ஒரு தட்டு என்றால் மிதி. இரண்டு தட்டு என்றால் விடு. அவருக்கு அது எப்படிப் புரியும் என்று நான் யோசிக்கவில்லை. புரிந்த மாதிரிதான் முதலில் போயிற்று.

பிறகு கை வழுக்கி ஸ்பேனர் தரையில் விழுந்தது. சத்தம் கேட்டு அவர் காலை எடுத்துவிட்டார். நிப்பிள் திறந்திருந்தது. பாட்டிலில் இருந்த குழாய் வழியே ஆயில் உள்ளே ஓடியது, பின்னால் காற்றும் ஓடியது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மறுபடி ஆரம்பித்தோம். மறுபடி அதே மாதிரி ஆனது. இந்த முறை ஆயில் என் கண்ணில் தெறித்தது. எரிந்தது. டின்னை ஆட்டிப் பார்த்தேன். அடியில்தான் இருந்தது. இத்தனை நாள் உழைத்தது அந்த அடி ஆயிலில் நின்றது. அதுவும் வீணானால் பிரேக் இல்லை. பிரேக் இல்லாமல் அக்கா வாசலுக்குப் போக முடியாது. இன்னொரு டின் தாம்பரத்தில்தான் கிடைக்கும். அன்று ஞாயிறு, கடை மூடியிருக்கும்.

படுத்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேலே கதவு திறந்தது. அண்ணன் குரல் வந்தது.

"தட்டறது ஒண்ணா ரெண்டான்னு இன்னா தெரியுது? வாயில கொழுக்கட்டையா கீது?"

யாரிடம் சொன்னார் என்று கேட்க அங்கே மூன்றாவது ஆள் இல்லை.

என் கண்ணுக்குத் தெரிந்தது அவர் கால் மட்டும்தான். கதவுக்கு வெளியே ஒரு கால். கட்டைவிரல் நகம் பிளந்திருந்தது. அது சின்ன வயதில் ஏற்றத்தில் நசுங்கியது. கால் உள்ளே போயிற்று. கதவு சாத்திக்கொண்டது.

"மிதி," என்றேன்.

"மிதிச்சிட்டேன்."

"புடி."

"புடிச்சிக்கினேன்."

திறந்தேன். குமிழி குமிழியாக வந்தது. "வுடாதே."

"வுடலடா."

மூடினேன். "வுடு."

அப்படியே போயிற்று. தூரத்து வீலில் ஆரம்பித்துக் கிட்டத்து வீலுக்கு வர வேண்டும். பின்னால் முடித்துவிட்டு முன்னால் நகர்ந்து படுத்தேன். நல்ல நிழல். மண் குளிர்ச்சியாக இருந்தது. மிதி, புடி, வுடு. வேறு எதுவும் இல்லை.

முன் வீலில் வேலை நடக்கும்போது அண்ணன் பேசினார். மெதுவாகத்தான் பேசினார். எனக்கு அவர் முகம் தெரியாது. அவருக்கு என் முகம் தெரியாது.

"ரோடு போடறப்ப, உன் கால்வாய்க்குக் கொழாய் வெச்சிட்டுப் போடுன்னு அந்தாளாண்ட சொன்னேன். வெக்கறேன்னான். நான் போய் நின்னு பாத்திருக்கணும். பாக்கல."

ஸ்பேனர் நிப்பிளில் இருந்தது. என் கையும் அதில் இருந்தது. ஆயில் வாசனை. பாட்டிலில் ஒரு குமிழி மேலே ஏறி உடைந்தது.

"மிதிண்ணா," என்றேன்.

மிதித்தார்.

கடைசி வீல் முடிந்தபோது டின்னில் துளி இல்லை. அண்ணன் பெடலை அழுத்தினார். பாதியில் நின்றது. கல் மாதிரி நின்றது. இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, பானெட்டைத் திறந்தார். வழக்கம்போலக் கார்புரேட்டரைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

எருமைகள்

மறுநாள் நான் ஓட்டினேன். எனக்கு டிராக்டர் ஓட்டிய பழக்கம் இருந்தது. கியர் இதில் ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும், அதுதான் கொஞ்சம் தடுமாற்றம். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பா மாதிரி நெஞ்சை நிமிர்த்தவில்லை. தலை கூரையில் இடிக்காமல் குனிந்து உட்கார்ந்திருந்தார். பின் சீட்டில் சீர்த்தட்டுகள். இரண்டு வீட்டுத் தட்டும் கலந்து இருந்தன. வேஷ்டி, பட்டு, பழம், வெல்லம். பெண்கள் முன்னாடியே பஸ்ஸில் போய்விட்டார்கள். மேளக்காரர்கள் பம்மலில் அக்கா வீட்டுத் தெரு முனையில் நிற்பதாகப் பேச்சு.

மேற்குத் தாம்பரம் தாண்டித் திருநீர்மலைப் பக்கமாகப் போனோம். சைக்கிளில் போனவர்கள் இறங்கி நின்று பார்த்தார்கள். நாங்கள் பேசவில்லை. பேசப் பழக்கம் விட்டுப் போயிருந்தது. இன்ஜின் சத்தம் இருந்ததால் பேசாதது பெரிதாகத் தெரியவில்லை.

ஏரிக்கரை மேல் ஏறி ரோடு மறுபக்கம் இறங்கும். நான் இறக்கத்தில் விட்டேன். கனமான வண்டி. தானாக வேகம் பிடித்தது. இறக்கத்தின் அடியில், தண்ணீரிலிருந்து எருமைகள் ஏறி வந்தன. ரோட்டின் மேல் ஏறி நின்றுகொண்டன. கறுப்பாக, ஈரமாக, வரிசையாக. எருமை ஹாரனுக்கு நகராது.

மிதித்தேன்.

வண்டி மூக்கைத் தாழ்த்தியது. பின்னால் தட்டுகள் ஒன்றோடொன்று மோதின. ஒரு தேங்காய் உருண்டு முன் சீட்டுக்கு அடியில் வந்தது. வண்டி நின்றது. ஒரு எருமை பானெட்டை முகர்ந்து பார்த்தது.

அப்போது பக்கத்தில் பார்த்தேன். அண்ணன் வலது கால் தரைத் தகட்டை அழுத்திக்கொண்டிருந்தது. அங்கே பெடல் கிடையாது. முழங்கால் விறைத்து, பலமாக அழுத்திக்கொண்டிருந்தார். வண்டி நின்றது அவருக்கு இன்னும் தெரியவில்லை.

"நின்னுடுச்சிண்ணா," என்றேன்.

காலைத் தளர்த்தினார். எருமைகள் போகும் வரை இருந்தோம்.

"லெப்ட்ல கொஞ்சம் இழுக்குது," என்றார்.

"புது லைனர். தேஞ்சா சரியாயிடும்."

"ரைட்ல இன்னொரு வாட்டி காத்து எடுக்கலாம்."

"எடுக்கலாம்."

"நாளன்னிக்கு வேணா எடுக்கலாம். நான் சும்மாதான் இருப்பேன்."

"சரிண்ணா."

வண்டியை நகர்த்தினேன். பம்மல் வரை அதேதான். ரப்பர் புதுப்பேட்டையில் நல்லது கிடைக்குமா, ஹேண்ட் பிரேக் ஏன் பிடிக்கவில்லை, ஆயில் எந்தக் கடையில் வாங்கலாம். சொல்லப் போனால் பெரிதாக ஒன்றும் இல்லை.

தெரு முனையில் மேளம் எங்களோடு சேர்ந்துகொண்டது. ஒரே மேளம். ஜனம் வாசலுக்கு வந்தது. அக்கா வீட்டு முன் நிறுத்தினேன். அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் இறங்கினார். நான் இந்தப் பக்கம் இறங்கினேன். வண்டியின் முன்னால் வந்து சேர்ந்து நின்றோம்.

அக்கா வாசற்படியில் நின்றிருந்தாள். ஆரத்தித் தட்டு கையில் இருந்தது. சுற்றவில்லை. என்னைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். வண்டியைப் பார்க்கவே இல்லை.

"வழியில பேசினீங்களா?" என்று கேட்டாள்.

"பேசினோம்," என்றார் அண்ணன்.

"இன்னா பேசினீங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்.

"பிரேக்கைப் பத்தி," என்றேன்.

மேளக்காரர் அடித்துக்கொண்டே இருந்தார். அக்கா கண்ணில் புகை பட்ட மாதிரி இமைத்தாள்.

"அதையாவது பேசினீங்களே," என்றாள். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே சுற்றாக ஆரத்தி சுற்றினாள்.